மாதவிடாய் நின்ற பின் எலும்பைப் பேணுதல்

ஒரு கிராமத்தின் முன்னேற்றத்தை அளக்கப் புகுவோர், சாலை எத்தனை கிலோமீட்டர், குடிநீர்க் குழாய் எத்தனை, தெருவிளக்கு எத்தனை என்று கணக்கிடுவது வழக்கம். அவ்வூரில் ஐம்பது வயதைக் கடந்த தாய்மார்கள் எத்தனை பேர், அவர்களுள் முதுகு கூனாமல் நிமிர்ந்து நடப்போர் எத்தனை பேர் என்று கேட்போர் மிகச் சிலரே. ஆயினும் இது கேட்கத் தக்க கேள்வியே. பெரும்பாலான குடும்பங்களில் நடுவயதைக் கடந்த பெண்ணே மாட்டைக் கறக்கிறார். பேரக் குழந்தைகளை வளர்க்கிறார். மகளும் மருமகளும் வேலைக்குச் சென்றுவர வழி செய்கிறார். அவர் ஒரு நாள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அவரைக் கவனிப்பதற்காக வீட்டில் இன்னொருவரின் வேலையும் நின்று போகிறது.

இத்தகைய முறிவுகளுட் பல, விழுந்த அன்று தோன்றியவை அல்ல. மாதவிடாய் நின்ற காலம் முதலாகப் பத்து, இருபது ஆண்டுகள் ஓசையின்றி எலும்பு மெலிந்து வந்ததன் முடிவே அம்முறிவு. அம்மெலிவைத் தடுக்க வேண்டிய பொருள்களுட் பல நம் வீட்டிலும் வயலிலும் கிடைப்பவை. அவை எவை, அவற்றைப் பயன்படுத்துவது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் காண்போம்.

திருப்பூர் வட்டாரத்தின் நிலை

இச்செய்தி எல்லா ஊர்களுக்கும் உரியதே எனினும், திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கயம், ஊத்துக்குளி வட்டாரங்களுக்கு இன்று தனியே உரியது. 1925-ம் ஆண்டையொட்டித் திருப்பூரில் வேரூன்றிய பின்னலாடைத் தொழில், 1970-களின் பிற்பகுதியில் வெளிநாட்டு ஏற்றுமதியில் அடியெடுத்து வைத்து, 1980-களின் நடுவிலிருந்து விரைந்து வளர்ந்தது. சுற்றுக் கிராமங்களின் பெண்மக்கள் காட்டு வேலையை விட்டுப் பனியன் கம்பெனிகளுக்குச் செல்லலாயினர். 1990-ம் ஆண்டில் பதினைந்து வயதில் கைமடிக்கவும் பிசிறு வெட்டவும் சென்ற பெண் இன்று ஐம்பதை எட்டிவிட்டார். அவருடைய தாய் வெயிலில் களையெடுத்தார். கம்பும் சோளமும் கேழ்வரகும் உண்டார். மகளோ குழல்விளக்கின் கீழ் அமர்ந்து தைத்தார். அரிசிச் சோறே உண்டார். பின்னலாடைத் தொழிலிலேயே வளர்ந்து, அத்தொழிலிலேயே மாதவிடாய் நிற்கும் வயதையும் அடையும் பெருந்தொகையான பெண்கள் இவர்களே. இவர்களுடைய எலும்பைப் பற்றி எண்ண வேண்டிய காலம் வந்துவிட்டது.

மாதவிடாய் ஏன் நிற்கிறது?

பெண்ணின் அடிவயிற்றில் கருப்பையின் இருபுறமும் இரண்டு சூலகங்கள் உள்ளன. மாதந்தோறும் கருமுட்டையை வெளியிடுவதும், ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு நீரைத் தருவதும் அவற்றின் பணி. நாற்பது வயதைக் கடந்தபின் இப்பணி படிப்படியாகக் குறைகிறது. மாதவிடாய் சில மாதங்கள் முந்தியும் சில மாதங்கள் பிந்தியும் வந்து, பின்னர் நின்றுவிடுகிறது. தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் மாதவிடாய் வாராதிருப்பின், அது நின்றுவிட்டது என மருத்துவர் கொள்வர்.

மேலைநாட்டுப் பெண்களுக்கு இது சுமார் 51 வயதில் நிகழ்கிறது. இந்தியப் பெண்களுக்கோ 46, 47 வயதளவிலேயே நிகழ்கிறது. ஆகவே நம் நாட்டுப் பெண்களின் எலும்பு, ஈஸ்ட்ரோஜனின் காவலை நான்கைந்து ஆண்டுகள் முன்னதாகவே இழந்துவிடுகிறது.

இக்காலத்தில் உடல் திடீரெனச் சூடேறி வியர்த்தல், இரவில் உறக்கம் கெடுதல், மனம் சலித்தல், மூட்டுகளில் வலி, சிறுநீர்க் கடுப்பு முதலியன தோன்றலாம். இஸ்திரி மேசையின் அருகிலோ, காற்றோட்டம் குறைந்த தையற் கூடத்திலோ பணிபுரிவோர்க்கு இச்சூடு மிகுந்த துன்பம் தரும். இது நோயன்று, பூப்பெய்துவதைப் போலவே இயற்கையில் வரும் ஒரு மாற்றம். பூப்பெய்தும் காலத்தில் ஊரைக் கூட்டிச் சீர் செய்கிறோம். அம்மாதவிடாய் நிற்கும் காலத்தில் மட்டும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமலிருப்பதால்தான் பலர் தமக்கு நேர்வது இன்னதென்று அறியாமல் தவிக்கின்றனர்.

மூன்று செய்திகளை மட்டும் அசட்டை செய்யலாகாது. முதலாவது, நாற்பத்தைந்து வயதுக்கு முன்னரே, அதிலும் நாற்பதுக்கு முன்னரே, மாதவிடாய் நின்றால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். எலும்பு காவலின்றி நிற்கும் ஆண்டுகள் அவர்களுக்கு மிகுதி. இரண்டாவது, மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் மீண்டும் உதிரம் கண்டால், அது சிறிதளவே ஆயினும், உடனே சோதித்துக் கொள்ள வேண்டும். புற்றுநோயின் அறிகுறியாகவும் அது இருத்தல் கூடும். மூன்றாவது, கருப்பையை அறுவை செய்து எடுத்துக்கொண்டவர்கள், சூலகங்களும் எடுக்கப்பட்டனவா என்று கேட்டறிதல் வேண்டும். சூலகங்கள் இருப்பின் ஈஸ்ட்ரோஜன் இன்னும் சில காலம் சுரக்கும். அவையும் நீக்கப்பட்டால் ஒரே நாளில் அக்காவல் போய்விடும். மருத்துவமனை தந்த சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பது பிற்காலத்தில் பெரிதும் உதவும்.

எலும்பில் நடப்பது என்ன?

எலும்பு கல்லைப் போன்ற உயிரற்ற பொருள் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. உடலில் ஒருவகை உயிரணுக்கள் பழைய எலும்பை இடைவிடாது கரைத்துக் கொண்டிருக்கின்றன. வேறொரு வகை உயிரணுக்கள் அவ்விடத்தில் புதிய எலும்பைக் கட்டிக் கொண்டிருக்கின்றன. சிறுவயதில் கட்டுமானம் மிகுதி. முப்பது வயதளவில் எலும்பு தன் முழு வலிமையை அடைகிறது. அதன்பின் சில காலம் வரவும் செலவும் சமமாக நிற்கும். கரைக்கும் வேலை எல்லை மீறாமல் தடுத்து நிறுத்துவது ஈஸ்ட்ரோஜன். அது குறைந்தவுடன் கரைவது மிகுந்து, கட்டுவது பின்தங்குகிறது. மாதவிடாய் நின்ற ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் தன் எலும்பின் அடர்த்தியில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு வரை இழத்தல் கூடும்.

பின்னலாடை ஊரில் வாழ்வோர்க்கு இதை விளக்குவது எளிது. இரண்டு துணிகள் நிறத்திலும் அகலத்திலும் ஒன்றுபோலவே தோன்றும். வட்டமாக ஒரு துண்டை வெட்டித் தராசில் வைத்தால், ஒன்று 180 ஜி.எஸ்.எம்., மற்றொன்று 140 ஜி.எஸ்.எம். என்று தெரியும். எடை குறைந்த துணி இழுத்தால் கிழியும். எலும்பும் இத்தகையதே. அதன் உட்புறம் வலைபோலப் பின்னப்பட்டது. வலையின் இழைகள் மெலிந்து அறுந்து போனாலும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் கருவியும், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் எத்தனை கிராம் தாதுப்பொருள் உள்ளது என்றே கணக்கிடுகிறது. இவ்வாறு எலும்பு உள்ளே துளைத்து மெலிவதற்கு எலும்புப்புரை என்று பெயர்.

மாதவிடாய் நிற்பதற்கும் எலும்புப்புரைக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகர மருத்துவர் புல்லர் ஆல்பிரைட் 1941-ம் ஆண்டில் விளக்கி எழுதினார். நம் மாநிலத்தின் நிலையை அறிய வேலூருக்குச் சென்றால் போதும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள், மாதவிடாய் நின்று 50 வயதையும் எட்டிய 150 பெண்களைச் சோதித்து 2008-ம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எலும்புப்புரை இருந்தது. பாதிப் பேருக்குச் சற்று மேற்பட்டோருக்கு ‘டி’ வைட்டமின் போதாமல் இருந்தது. அவர்கள் படுக்கையில் கிடந்த நோயாளிகள் அல்லர். நம்மைப் போல் நடமாடிக் கொண்டிருந்தவர்கள்.

மூட்டுத் தேய்மானம் வேறு, எலும்புப்புரை வேறு என்பதையும் அறிதல் நலம். முழங்கால் மூட்டு தேய்ந்தால் நடக்கும்போது வலிக்கும். எலும்புப்புரையோ எலும்பு முறியும் வரை வலிப்பதில்லை. ‘எனக்கு வலியில்லை, ஆகவே எலும்பு நன்றாக உள்ளது’ என்று முடிவு செய்வதற்கில்லை.

மெலிந்த எலும்பு மூன்று இடங்களில் எளிதாக முறிகிறது. கையூன்றி விழும்போது மணிக்கட்டு முறியும். முதுகெலும்பின் கட்டைகள் விழாமலே கூட நசுங்கும். அதனால் உயரம் குறைந்து கூன் விழும். வயது ஏறியபின் இடுப்பெலும்பு முறியும். இம்மூன்றாவதே கொடியது. இடுப்பு முறிந்தவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஓராண்டுக்குள் இறக்கின்றனர் என்பது உலகளாவிய கணக்கு. பிழைத்தவர்களுள்ளும் பலர் பழையபடி தாமாக நடப்பதில்லை. ஆகவே நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்த ஐம்பது வயதுப் பெண்ணுக்குக் கட்டுப்போட்டு அனுப்பிவிட்டால் போதாது. அம்முறிவு, பின்னால் வரவிருக்கும் இடுப்பு முறிவுக்கு முன்னறிவிப்பு என்று கொள்ள வேண்டும்.

வெயில் தரும் வைட்டமின்

உண்ட உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் ஏற்றுக் கொள்வதற்கு ‘டி’ வைட்டமின் தேவை. இவ்வைட்டமின் உணவில் மிகக் குறைவு. தோலின்மீது வெயில் படும்போது உடலே அதனைச் செய்துகொள்கிறது. காலை எட்டரை மணிக்குக் கம்பெனிக்குள் நுழைந்து ஒன்றரை ஷிப்ட் பார்த்து இரவு எட்டரைக்கு வெளிவரும் பெண்ணின்மீது வெயில் படுவதேது? கண்ணாடிச் சன்னல் வழியே விழும் ஒளி பயன் தராது. வைட்டமினை உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. இளங்காலை வெயிலிலும் அக்கதிர் மிகக் குறைவு. முற்பகல் பதினொரு மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணி வரை உள்ள வெயிலிலேயே அது மிகுந்துள்ளது.

ஆதலால் உணவு இடைவேளையில் கால் மணி நேரமேனும் முகத்திலும் கைகளிலும் வெயில் படும்படி திறந்த வெளியில் உலவுதல் நன்று. கருநிறத் தோலுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் வேண்டும். சித்திரை, வைகாசி மாதக் கடும் வெயிலில் நேரத்தைக் குறைத்துக் கொள்ளலாம். வாரத்தில் மூன்று, நான்கு நாட்கள் இவ்வாறு செய்தாலும் பயனுண்டு.

சோதனையில் ‘டி’ வைட்டமின் குறைவென்று தெரிந்தால் மருத்துவர் மருந்து தருவார். வாரம் ஒருமுறை உண்ணும் 60,000 அலகுப் பொடியைச் சிலர் கடையில் தாமே வாங்கி ஆண்டுக்கணக்கில் உண்கின்றனர். அது தீது. அளவு மிகுந்தால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறிச் சிறுநீரகம் கெடும்.

உணவில் சுண்ணாம்புச் சத்து

நமக்கு அண்மையிலுள்ள குன்னூரில்தான் இந்திய உணவு ஆராய்ச்சி தோன்றியது. 1918-ம் ஆண்டில் மருத்துவர் ராபர்ட் மக்காரிசன் அங்கு ஒரு சிறு ஆய்வகத்தைத் தொடங்கினார். 1937-ம் ஆண்டில் ஐக்ராய்டு என்பார் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை அங்கிருந்தே வெளியிட்டார். அவ்வாய்வகம் 1958-ம் ஆண்டில் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969-ம் ஆண்டு முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. அந்நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020-ம் ஆண்டில் வெளியிட்ட அளவின்படி, வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராமும், மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு 1,200 மில்லிகிராமும் சுண்ணாம்புச் சத்து வேண்டும்.

இதனை எங்கிருந்து பெறுவது? நூறு கிராம் அரிசியில் 10 மில்லிகிராமுக்கும் குறைவாகவே இச்சத்து உள்ளது. அதே எடையுள்ள கேழ்வரகில் சுமார் 360 மில்லிகிராம் உள்ளது. கொங்கு நாட்டின் கொள்ளில் சுமார் 270, முருங்கைக் கீரையில் 300-க்கு மேல், அகத்திக் கீரையில் சுமார் 900, எள்ளில் 1,000-க்கு மேல், பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் உள்ளன. அகத்தியை ஆட்டுக்கு ஒடித்துப் போட்டுவிட்டு, முருங்கையை வேலியில் முற்றவிட்டு, நாம் வெறுஞ்சோறு உண்கிறோம்.

ஒரு நாளைய உணவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நூறு கிராம் கேழ்வரகு மாவில் செய்த களி அல்லது கூழ் 360. பாலும் தயிருமாக 400 மில்லிலிட்டர் 480. ஒரு பிடி முருங்கைக் கீரை, அதாவது 50 கிராம், 150. கொள்ளுப் பருப்பு 30 கிராம் 80. சிறிய எள்ளுருண்டை ஒன்றில் 10 கிராம் எள், 100. மொத்தம் 1,170 மில்லிகிராம். ஏறக்குறைய முழுத் தேவையும் இதில் அடங்கிவிடுகிறது. தானியம், கீரை, எள் ஆகியவற்றிலுள்ள சத்து முழுவதையும் குடல் ஏற்பதில்லை. ஆகையால் பால், தயிர், மோர் ஆகியவற்றையும் சேர்த்துக் கொள்வது இன்றியமையாதது. நெத்திலி போன்ற சிறு மீன்களை முள்ளோடு உண்போர்க்கு அதுவும் நல்ல உணவு. எலும்பின் அடிச்சட்டம் புரதத்தால் ஆனது. எனவே பருப்பும் முட்டையும் ஒதுக்கத் தக்கவை அல்ல.

இங்கே கால்நடை வளர்ப்போர்க்கு ஒரு சொல். விடியலில் எழுந்து கறக்கும் பெண், பால் முழுவதையும் சங்கத்துக்கு ஊற்றிவிட்டுத் தமக்கு ஒரு குவளையும் வைத்துக் கொள்ளாத வீடுகள் பல. சங்கத்துக்கு ஊற்றுமுன் வீட்டுப் பெண்களின் பங்கை எடுத்து வைத்தல் வேண்டும். ஊத்துக்குளிப் பக்கத்தில் வெண்ணெய் எடுப்பது பெயர்பெற்ற தொழில். வெண்ணெயோடு கொழுப்புப் போகிறதே அன்றிச் சுண்ணாம்புச் சத்துப் போவதில்லை. அது மோரிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே நீர் மிகுதியாகக் கலவாத மோர் ஏழைக்கும் எட்டும் எலும்பு உணவாகும்.

சில தவறான எண்ணங்களையும் நீக்க வேண்டும். ஆட்டுக்கால் சாற்றில் எலும்பு வெந்தாலும், அதிலிருந்து சாற்றில் இறங்கும் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவே. வெற்றிலையோடு சுண்ணாம்பு தின்பதால் எலும்பு வலுக்கும் என்பதை நம்பிப் பாக்கும் புகையிலையும் மெல்லுவது வாய்ப்புற்றுக்கு வழி. உணவால் குறை நிரம்பாதவர்களுக்கு மருத்துவர் சுண்ணாம்புச் சத்து மாத்திரை தரலாம். அதனையும் இரும்புச் சத்து மாத்திரையையும் ஒரே வேளையில் உண்ணலாகாது; ஒன்று மற்றதைத் தடுக்கும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

உழைப்பு வேறு, பயிற்சி வேறு

‘நாள் முழுவதும் உழைக்கிறோம், எங்களுக்குப் பயிற்சி எதற்கு?’ என்று தாய்மார்கள் கேட்பர். எலும்பு தன்மேல் பாரம் ஏறும்போதுதான் வலுவடைகிறது. தையல் இயந்திரத்தின்முன் பத்து மணி நேரம் அமர்ந்தால் உடல் களைக்கும். ஆனால் இடுப்பெலும்புக்கும் தொடைக்கும் பாரம் ஏறுவதில்லை. எனவே கீழ்க்காணும் எளிய பயிற்சிகளைச் செய்தல் நன்று.

நாள்தோறும் அரை மணி நேரம் விரைந்து நடத்தல். நாற்காலியில் அமர்ந்து, கைகளை ஊன்றாமல் பத்து முறை எழுதல். சுவரைப் பிடித்துக் கொண்டு குதிகால்களை உயர்த்தி இறக்குதல். சுவருக்கருகில் நின்று, பத்து எண்ணும் வரை ஒற்றைக் காலில் நிற்கப் பழகுதல். இவற்றுட் கடைசிப் பயிற்சி விழாமல் நிற்கும் திறனைத் தரும்.

முதுகெலும்பு ஏற்கெனவே நசுங்கியவர்கள், இடுப்பை வளைத்துக் குனிந்து நீர்க்குடத்தையோ துணி மூட்டையையோ தூக்கலாகாது. பொருளை உடலோடு அணைத்து, முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும். இயலாதபோது பிறரிடம் விட்டுவிட வேண்டும்.

சோதனையும் மருத்துவமும்

செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஐம்பது வயதில் சுவரோடு சேர்ந்து நின்று உயரத்தை அளந்து எழுதி வைத்து, ஆண்டுதோறும் ஒப்பிட வேண்டும். இளமையில் இருந்த உயரத்தில் நான்கு சென்டிமீட்டர் குறைந்தால், முதுகெலும்பு நசுங்கியிருக்கலாம் என்று கருதி மருத்துவரை அணுக வேண்டும். சேலை, இரவிக்கை முதலியவற்றின் அளவு மாறாதிருக்க முதுகு மட்டும் வளைவதும், அலமாரியின் மேல்தட்டு எட்டாமற் போவதும் இதன் அறிகுறிகளே.

எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா என்னும் கருவி பெரிய மருத்துவமனைகளில் உள்ளது. இளமையில் இருக்க வேண்டிய அடர்த்தியோடு ஒப்பிட்டு அது ஓர் எண்ணைத் தரும். அவ்வெண் கழித்தல் 2.5 அல்லது அதற்கும் கீழ் இருப்பின் எலும்புப்புரை என்பது உலக சுகாதார நிறுவனம் 1994-ம் ஆண்டில் வகுத்த அளவு. எல்லோரும் இச்சோதனைக்கு ஓட வேண்டியதில்லை. 65 வயதைக் கடந்தவர்கள், மாதவிடாய் விரைவில் நின்றவர்கள், சிறு விழுகையில் எலும்பு முறிந்தவர்கள், தாய்க்கு இடுப்பு முறிந்த வரலாறு உள்ளவர்கள், ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உண்டவர்கள் ஆகியோருக்கு இது தேவை. மூட்டுவலிக்கென்று பெயர் ஒட்டாத பொடியும் மாத்திரையும் வாங்கி உண்போர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். உண்டவுடன் வலி மாயமாய் மறைந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அது எலும்பை அரிக்கும். பல நாள் உண்டவர்கள் அதனைத் திடீரென நிறுத்திவிடாமல், மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாக நிறுத்த வேண்டும்.

எலும்புப்புரை உறுதியானவர்களுக்கு இன்று நல்ல மருந்துகள் உள்ளன. வாரம் ஒரு மாத்திரையும் உண்டு. ஆண்டுக்கொரு ஊசியும் உண்டு. வார மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு குவளை நீருடன் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகும்.

முதியவர் விழுந்து எழ முடியாமல், ஒரு கால் குறுகி வெளிப்புறம் திரும்பியிருந்தால், இடுப்பெலும்பு முறிந்ததெனக் கொண்டு, பிடித்து நடக்க வைக்காமல் 108 ஊர்தியை அழைக்க வேண்டும். இதற்கு எண்ணெய்க் கட்டு உதவாது. கூடுமானவரை இரண்டு நாட்களுக்குள் அறுவை செய்து எழுந்து நடக்க வைப்பதே உயிர் காக்கும் வழி. செல்லும்போது ஈ.எஸ்.ஐ. அட்டையோ மருத்துவக் காப்பீட்டு அட்டையோ இருப்பின் உடன் கொண்டு செல்க.

ஊராட்சி செய்யத் தக்கவை

எலும்பு மெலிவது உடலுக்குள் நடப்பது; ஆனால் விழுவது ஊருக்குள் நடப்பது. பாசி படிந்த குழாயடி, மூடியில்லாத சாக்கடை, விளக்கு எரியாத சந்து, பிடிமானமில்லாத கழிப்பிடம் ஆகியவை ஊராட்சியின் பொறுப்பிலும் கண்காணிப்பிலும் உள்ளவை. ஆகவே எலும்பு முறிவைத் தடுப்பதில் மருத்துவருக்கு எவ்வளவு பங்குண்டோ, அவ்வளவு பங்கு ஊராட்சிக்கும் உண்டு.

முதலாவதாக, உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வார்டில் ஓராண்டில் முதியோர் எங்கெங்கே விழுந்தனர் என்று கேட்டு ஒரு தாளில் எழுதுக. இரண்டு பேர் ஒரே இடத்தில் விழுந்திருந்தால், அவ்விடத்தைச் செப்பனிடுவது முதல் வேலை. கழிப்பிடங்களில் ஒரு கைப்பிடிக் குழாய் பொருத்துவதற்கு ஆகும் செலவு, ஓர் இடுப்பு அறுவைக்கு ஆகும் செலவில் மிகச் சிறு பங்கே.

இரண்டாவதாக, கிராம சுகாதார செவிலியருடன் பேசி, நாற்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களுக்கென ஆண்டில் ஒரு நாள் குறித்து, உயரம், எடை, இரத்த அழுத்தம், கண் பார்வை ஆகியவற்றைச் சோதிக்கச் செய்க. பார்வைக் குறைவும், தலைசுற்றல் தரும் மருந்துகளும் விழுவதற்குக் காரணமாகின்றன. கருவுற்ற தாய்க்கு நாள் குறித்து அழைக்கும் நாம், பேறுகாலம் முடிந்த தாயை அதன்பின் அழைப்பதில்லை.

மூன்றாவதாக, கேழ்வரகு எளிதில் கிடைக்கச் செய்க. 2023-ம் ஆண்டில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாய விலைக் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் முறை தொடங்கப்பட்டது. நம் பகுதியில் மகளிர் குழுக்கள் கேழ்வரகு மாவும் எள்ளுருண்டையும் செய்து கம்பெனி வாயில்களில் விற்றால், உண்பவர்க்கு நலமும் செய்பவர்க்கு வருவாயும் உண்டாகும். வேலியோரத்தில் முருங்கையும், தோட்டத்தில் அகத்தியும் நடுவதற்கு உழவர் எவரும் பணம் தேட வேண்டியதில்லை.

நான்காவதாக, ஊரிலுள்ள பின்னலாடைக் கூடங்களின் உரிமையாளரோடு பேசுக. உணவு இடைவேளையில் பெண்கள் உலவுவதற்குத் திறந்த முற்றம், முதுகு சாயும் நாற்காலி, சூடேறித் துன்புறுவோர்க்கு மின்விசிறியின் அருகே இடம், கழிப்பிடம் செல்லத் தடையின்மை ஆகியன பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. இருபது, முப்பது ஆண்டு அனுபவம் உள்ள தையற்காரர் இடையில் நின்றுவிடாமல் தொடர்ந்து வருவது முதலாளிக்கும் ஆதாயமே.

இவற்றைக் கிராம சபையில் பேசுவதற்குக் கூச்சம் தடையாகலாம். உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டத்திருத்தம் தமிழ்நாட்டில் 2016-ம் ஆண்டில் செய்யப்பட்டது. பெண் உறுப்பினர் ஒருவர் எழுந்து இச்செய்தியைச் சொன்னால், மற்றவர் கூச்சம் தானே நீங்கும். அக்டோபர் 2-ம் நாள் கிராம சபை கூடும் நாள். அக்டோபர் 18 உலக மாதவிடாய் நிற்றல் நாள். அக்டோபர் 20 உலக எலும்புப்புரை நாள். ஒரே மாதத்தில் அமைந்த இம்மூன்று நாட்களையும் பயன்படுத்திக் கொள்ளலாம்.

மாதர் மன்றத்தில் கூடிப் பேசுவதற்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் மாதவிடாய் நின்ற பெண்கள் நாளொன்றுக்கு எவ்வளவு பாலும் மோரும் உண்கின்றனர்? கறக்கும் பாலில் வீட்டுப் பெண்களின் பங்கு எவ்வளவு?

2. கம்பெனிக்குச் செல்லும் பெண்களின்மீது வாரத்தில் எத்தனை நாட்கள் நண்பகல் வெயில் படுகிறது?

3. சென்ற ஓராண்டில் நம் ஊரில் எலும்பு முறிந்த ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் எத்தனை பேர்? கட்டுப்போட்டபின் அவர்களுள் எவரேனும் எலும்புப்புரைக்குச் சோதிக்கப்பட்டனரா?

4. நம் தெருவில் இரவில் நடக்க முதியோர் அஞ்சும் இடம் எது? அதனைச் செப்பனிட யாரிடம், எந்நாளில் சொல்லப் போகிறோம்?

5. இன்று பதினைந்து வயதுள்ள நம் பெண்மக்கள் எலும்பைக் கட்டிக்கொள்ளும் பருவத்தில் உள்ளனர். அவர்கள் உண்பது என்ன, வெயிலில் விளையாடுவது எவ்வளவு?